பார்க்குழியில் ஆவுளியா

புஸ்ஸென்று அந்த மூச்சு மறுபடியும் கேட்டது, கனத்த உடம்புக்காரர் யாரோ மச்சுப்படி ஏறி வந்து நின்று விடுகிற மூச்சைப்போல நீளமாய், ஈரமாய், இருட்டுக்குள்ளிருந்து, கள்ளித்தீவின் தெற்குக்கரையில் நனைந்த சேலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு குத்தவைத்திருந்த பஞ்சவர்ணம் தலையைத் தூக்கினாள், காற்றில்லை இது, கச்சான் காற்று அதுபாட்டுக்கு மேற்கேயிருந்து புதர்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருக்கிறது, அலையுமில்லை, அலை தூரத்தில் பவளப்பார் என்கிற பாறைத்திட்டின் விளிம்பில் முட்டித் திரும்புகிறது, இது கிட்டத்தில், உயிருள்ள ஒன்றின் நெஞ்சிலிருந்து வருகிறது. சற்றுத் தள்ளிக் காக்கி உடுப்போடு முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த வைரமணி, ஏம்மா, அது என்ன சத்தம் என்று கேட்டாள், கேட்ட குரலில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது, ஓங்கலா இருக்கும் மேடம், டால்பின்னு சொல்வீகளே, அது பாட்டுக்குப் போயிரும் என்று பஞ்சவர்ணம் சொன்னாள், சொல்லும்போதே அது ஓங்கல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் எட்டு வயதில் அப்பாவின் வள்ளத்துக்குள் கேட்ட மூச்சு, எந்த இருட்டில் கேட்டாலும் தெரியும்.

காலையில் பத்துப் பெண்களாக ஒரே வத்தைப் படகில் வந்தவர்கள், மரிக்கொழுந்துப் பாசி எடுக்க, விரல்களில் துணிப்பட்டை சுற்றி, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி முங்கி, தீவும் அதைச் சுற்றிய கடலும் அரசாங்கத்துக் காவலில் இருக்கின்றன, யாரும் கால் வைக்கக்கூடாது என்று பலகை நட்டு எத்தனையோ வருஷமாகிறது, தெரிந்துதான் வருகிறார்கள், கடலுக்குள் முங்கத் தெரிந்த கைக்கு வேறு என்ன வேலை தெரியும், மத்தியானம் வனத்துறைப் படகின் இரைச்சல் கேட்டதும் ஆளாளுக்கு வத்தையில் ஏறிவிட்டார்கள், பாரின் கடைசிச் சரிவில் முங்கிக் கிடந்த பஞ்சவர்ணம் மேலே வந்து கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தபோது வத்தை உள்ளங்கை அளவுக்குச் சிறுத்துப் போயிருந்தது, கரையில் அவளுடைய இரண்டு சாக்குப் பாசி, சாக்குக்குப் பக்கத்தில் இந்தப் பெண். வெளிய வாம்மா, சாக்கத் தொடாத, பேரு என்ன என்றாள் வைரமணி, இருபத்தாறு வயதிருக்கும், போடிப் பக்கத்து மலையடிவாரத்துப் பெண், வனக்காவலராக இந்தக் கடலோரத்துக்கு வந்து ஏழு மாதம், கடலென்றாலே ஆகாது என்பதையெல்லாம் பிறகுதான் சொன்னாள், அப்போது பழைய கேஸ் இருக்கா என்று மட்டும் கேட்டாள், இருக்கு மேடம், போன வருசம் ஒண்ணு என்றாள் பஞ்சவர்ணம், அப்ப இது ரெண்டாவது, ரெண்டாவதுன்னா உள்ள வச்சிருவாக, தெரியுமில்ல, தெரியும் மேடம்.

வைரமணியை இறக்கிவிட்ட படகு பக்கத்துத் தீவையும் சுற்றிவிட்டு ஐந்து மணிக்குத் திரும்புவதாகப் பேச்சு, நாலு மணிக்கே கச்சான் எழும்பிவிட்டது, கடல் மேற்கேயிருந்து கருத்துப் பொங்கி வந்தது, வைரமணியின் வயர்லெஸ் கரகரவென்று, இப்ப வர வழியில்ல, விடியக்காலம் வர்றோம், பத்திரமா இருந்துக்கங்க என்று சொல்லிவிட்டு அடங்கிப்போனது, அப்புறம் இரண்டு பேர், ஒரு பாட்டில் தண்ணீர், பாதிப் பாக்கெட் பிஸ்கட், ஒரு டார்ச், இரவு தங்கக்கூடாத தீவில் தங்கவந்த இரண்டு பேர். பிஸ்கட்டை எண்ணிப் பாதியை நீட்டியபோது வைரமணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வாங்கிக்கொண்டபோது பஞ்சவர்ணமும் பார்க்கவில்லை, அவள் ஜெயிலை நினைத்துக்கொண்டிருந்தாள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற மகளுக்கு யார் தகவல் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, கரையிலிருந்து பார்வரைக்கும் கறுத்த பவளப்பாறைகள் ஒவ்வொன்றாய் முதுகு காட்டின, அப்போதுதான் முதல் மூச்சு, பிறகு இந்த இரண்டாவது.

எங்க போற, உக்காரு என்றாள் வைரமணி, ஆனால் பஞ்சவர்ணம் எழுந்துவிட்டாள், அது ஓங்கல் இல்ல மேடம், வாங்க, லைட்ட எடுத்துட்டு வாங்க என்று பாறைமேல் நடந்தாள், பின்னால் டார்ச் ஒளி தட்டுத் தடுமாறிக்கொண்டு வந்தது, நூறு பாகம், அறுநூறு அடி தூரம், கால் வைக்கிற இடமெல்லாம் கூர், சின்னச் சின்னக் குட்டைகளில் நட்சத்திரம் கிடந்தது, பாருக்குச் சற்று முன்னால் வண்டிமாடு இரண்டை நிறுத்திக் குளிப்பாட்டலாம் போல அகலமாய் ஒரு குழி, இடுப்பளவு தண்ணீர் நிற்க வேண்டிய குழியில் முழங்கால் தண்ணீர், நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பாறை, அந்தப் பாறை மேல் டார்ச் ஒளி பட்டது, பாறை கண்ணைச் சிமிட்டியது.

டார்ச் ஒளி நகர நகர அது துண்டு துண்டாகத் தெரிந்தது, பத்தடி நீள உடம்பு, முதுகெல்லாம் பழைய கீறல்கள், வெட்டி எடுத்த தும்பிக்கை மாதிரி கீழே தொங்குகிற மொட்டை மூக்கு, அதன் மேலே இரண்டு துவாரம், மூடியிருக்கிறது, திறக்கிறது, புஸ், மூடிக்கொள்கிறது, சுண்டைக்காய் அளவே கண், அந்தக் கண்ணின் ஓரத்தில் பசைபோலக் கண்ணீர். போட்டோவுலதாம்மா பாத்திருக்கேன் என்று வைரமணி கடைசியில் முணுமுணுத்தாள், ட்ரெய்னிங்ல காட்டினாங்க, கடல்பசு, ஏழு மாசமா ஒண்ணக்கூடக் கண்ணால பாக்கல. ஆவுளியா என்றாள் பஞ்சவர்ணம், அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லியே பல வருஷம் இருக்கும், பொட்டை, அங்கிட்டு அடியில பாருங்க, குட்டி. தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு, வெளுத்துப்போய், ஆட்டுக்கிடா பெருசுக்கு ஒன்று, வெளிச்சம் பட்டதும் தாயின் கைத்துடுப்புக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டது.

கடலடிக் கோரைப்புல் மேய வந்திருக்கும், தண்ணீர் வற்றுவதற்குள் வெளியேறியிருக்க வேண்டியது, வால்மட்டையைச் சுற்றி எங்கிருந்தோ அறுந்து வந்த நைலான் வலைத்துண்டு, அதன் இன்னொரு முனை பவளத்தில் சிக்கிக் கயிறு கட்டினாற்போல் இழுத்துப் பிடித்திருந்தது, அதைவிட மோசம், குழியின் கடல்பக்கத்து உதட்டில் ஒரு பிளவு, அதன் வழியாகச் சளசளவென்று தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது, நேரம் ஆக ஆகக் குழி வற்றும். வத்துனா என்ன ஆகும், அது மூச்சு விடுமில்ல என்று வைரமணி கேட்டாள், மூச்சு விடும் மேடம், ஆனா தண்ணிக்குள்ளதான் அது பஞ்சு, தரை தட்டிருச்சுன்னா அதோட கனமே நெஞ்ச அமுக்கிக் கொன்னுரும் என்றாள் பஞ்சவர்ணம், அப்பா சொன்னது அது, அப்பா அதைச் சொன்னது சும்மா இருக்கட்டும் விடு, தானே செத்துரும் என்பதற்காக. பெருக்கு எப்ப வரும் என்றாள் வைரமணி, கடத்தண்ணி நடுச்சாமம் தாண்டித்தான் ஏறும், முழுசா ஏற மூணு மணி ஆகும், அதுவரைக்கும் இது தாங்காது.

அடைக்கணும் என்றாள் பஞ்சவர்ணம், எதை வைத்து என்று இருவரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும், கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், அது தொண்டிப் பொருள்மா, கேசுக்கு வேணும், நான் கணக்குச் சொல்லணும் என்று சொல்லிக்கொண்டே வைரமணி நடக்கத் தொடங்கிவிட்டாள், ஈரப்பாசி நிறைந்த சாக்கு கல்லாய்க் கனத்தது, ஆளுக்கொரு முனை பிடித்து, இரண்டு நடை, கீழே வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, வைரமணியின் உள்ளங்கை தோல் உரிந்தது, பிளவுக்குள் முதல் சாக்கைத் திணித்தபோது தண்ணீரின் சத்தம் மாறியது, இரண்டாவதை வைத்து மிதித்து, இடுக்கில் செத்த பவளக்கல்லும் மணலும் போட்டு அணைத்தபோது சத்தம் நின்றேவிட்டது, அந்த அமைதியில் தாய் ஒரு முறை மூச்சு விட்டது.

இனி வலை. வைரமணியிடம் புதர் வெட்டுகிற சின்னக் கத்தி இருந்தது, ஆனால் வால் அடித்தால் விலா முறியும், அது கலவரப்படாமல் இருக்க வேண்டும், பஞ்சவர்ணம் குழிக்குள் இறங்கித் தலைப்பக்கமாய் முட்டிபோட்டு உட்கார்ந்தாள், கையை அதன் கழுத்தில் வைக்கத் துணிய வெகுநேரம் பிடித்தது, வைத்தாள், ஊறிய தோல், மேலே குளிர்ச்சி, அழுத்தினால் உள்ளே சூடு, ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல, இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு என்று பேசினாள், மகளின் முதல் பிரசவத்தில் இடுப்பைத் தடவிக்கொண்டு இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள், அந்தப்பக்கம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வைரமணி ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாள், ஒரு முறை வால் சிலிர்த்தது, தண்ணீர் சுவராய் எழும்பி இரண்டு பேரையும் நனைத்தது, வைரமணி மல்லாந்து விழுந்தாள், டார்ச் போய்விட்டது, உப்புத்தண்ணீரைத் துப்பிக்கொண்டே எழுந்து, அறுந்துருச்சுக்கா என்றாள், மேடத்தின் வாயில் அக்கா வந்ததை அந்த நேரத்தில் இருவருமே கவனிக்கவில்லை.

இருட்டு அப்படியே நிற்கவில்லை, பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் நிலா கிழக்கே பாருக்கு மேல் சிவந்து எழுந்து, வெளுத்து, குழிக்குள்ளும் வந்துவிட்டது, வேலை முடிந்த கைகள், இனிக் காத்திருப்பதுதான், பஞ்சவர்ணம் முந்தானையை நனைத்து நனைத்து அந்த முதுகில் பிழிகிறாள், வைரமணி தொப்பியில் மொண்டு ஊற்றுகிறாள், குட்டி பயம் தெளிந்து தாயின் கக்கத்துக்குள் மூக்கை முட்டுகிறது, அங்கே, பெண்களுக்கு இருக்கிற இடத்திலேயே, முலை, சப்புகிற சத்தம்கூடக் கேட்கிறது, வைரமணி ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள், இப்படியா என்றாள், தாய் கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்தது, அத்தனை பெரிய உடம்பிலிருந்து ஒரு குருவிச் சத்தம், குட்டி அதேபோல் பதில் கொடுத்தது, இந்தச் சத்தத்தையும் பஞ்சவர்ணம் கேட்டிருக்கிறாள்.

நான் தின்னுருக்கேன் தாயி என்றாள், யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெளிவில்லை, கை அந்த முதுகில்தான் இருந்தது, வைரமணிதான் திரும்பிப் பார்த்தாள், எட்டு வயசு எனக்கு, அப்பா பெரிய கண்ணி வலை போடுவாரு, அண்ணன் கருமலையானுக்குப் பதினாலு, அவன் கயித்தப் பிடிச்சிருந்தான், உசுரோட வள்ளத்துல கெடந்துச்சு, கரை வர்ற வரைக்கும் மூச்சு விட்டுச்சு, என்னயவே பாத்துச்சு, அப்புறம் அப்பா மூக்கு ரெண்டுலயும் பழந்துணிய அடைச்சாரு. வெயில் அடித்தது அன்றைக்கு, வள்ளத்தின் பலகையெல்லாம் வழுக்கியது, கரையில் ஊரே பாத்திரத்தோடு நின்றது, அன்று சாயங்காலம் எல்லா வீட்டு அடுப்பிலும் ஒரே வாசம், ஆட்டுக்கறி மாதிரி இருக்கும், அவள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றாள், மறுநாள் விடியலில் கரையோரத் தண்ணீரில் வெளுப்பாய் ஒன்று வந்து நின்று கீச் கீச்சென்றது, மறுநாளும் வந்தது, மூன்றாம் நாளும் வந்தது, நாலாம் நாள் வரவில்லை, அப்பாவிடம் கேட்டாள், போயிருச்சு போ என்றார், எங்கே போயிருக்கும், பால் குடிக்கிற குட்டி.

வைரமணி தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள், காக்கிச் சட்டையில் பவளச்சேறு, அப்புறம், எங்கப்பா மலையில மிளாமான் அடிச்சுத்தான் எங்களுக்குக் கறி போட்டாருக்கா என்றாள், நானும் நல்லாத் தின்னேன், வேலை கெடைச்ச அன்னிக்கு அவரு என் யூனிபார்மப் பாத்துட்டு ஒரு மாதிரி சிரிச்சாரு. சாக்குக்கு வெளியே தண்ணீர் மெதுவாக நாக்கை நீட்டத் தொடங்கியிருந்தது, காற்று அடங்கிவிட்டிருந்தது, எப்போது அடங்கியதென்று தெரியவில்லை, காற்று அடங்கியதால்தான் அதைக் கேட்க முடிந்தது, பாருக்கு அப்பால், ஆழத்தின் பக்கம், புஸ். குழிக்குள் கிடந்தது தலையைத் தூக்கியது. மறுபடி புஸ், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள், நிலா விழுந்த தண்ணீரில் ஒரு முதுகு வழுக்கி எழுந்து அமிழ்ந்தது, இன்னொரு முதுகு, அக்கா அங்க, அக்கா இங்கிட்டும் என்று வைரமணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், மூன்று, நான்கு, ஐந்து, முங்கப்போன இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை, அற்றுப்போய்விட்டன என்றுதான் ஊரில் பேச்சு, இங்கே ஐந்து, பொழுது சாய்ந்ததும் மனிதர்கள் போய்விடுகிற இந்தத் தீவின் ஓரத்தில், போகாமல் சுற்றிச் சுற்றி, குழியில் கிடப்பவளுக்காகக் காத்துக்கொண்டு, காத்திருக்கிறவர்கள் நாங்கள் மட்டும் என்றல்லவா நினைத்திருந்தோம், கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் கூடுமே, அப்படி அவளுடைய இரண்டு கையும் கூடின.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது சாக்குகளை இழுத்தார்கள், சாக்கு கிழிந்து காலையெல்லாம் எடுத்த பாசி கடலில் விரிந்து போனது, போகட்டும், தாய் ஒரு முறை உந்தியது, குழியின் உதட்டில் வயிறு தட்டி நின்றது, மறுபடி உந்தியது, நகரவில்லை, களைத்துப்போயிருந்தது, தள்ளுவோம் என்றாள் பஞ்சவர்ணம், நீ அங்கிட்டு வா புள்ள, வைரமணி தண்ணீரைப் பார்த்தாள், உதட்டுக்கு அந்தப்பக்கம் கறுப்பாய் ஆழம், எனக்கு ஆழத்துல நீச்சல் சரியா வராதுக்கா, எஞ்சட்டையப் பிடிச்சுக்க, நான் விடமாட்டேன் என்றாள் பஞ்சவர்ணம், வைரமணி இறங்கினாள், நெஞ்சுவரை, கழுத்துவரை, இரண்டு தோள்களும் அந்தக் கனத்த விலாவில் முட்ட, ஒரு அலை வரும்வரை காத்து, இப்ப, என்று பஞ்சவர்ணம் கத்தினாள், ஒன்றும் நகரவில்லை, அடுத்த அலை, இப்ப, உடம்பு பெயர்ந்தது, பவளம் உரசிச் சிராய்க்கிற சத்தம், பிறகு தோளுக்கு முன்னால் திடீரென்று ஒன்றுமே இல்லை, கனமெல்லாம் போய்விட்டது, அத்தனை பெரியது ஒரு இலையைப்போலத் திரும்பி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது, அதன் முதுகுக்கு மேலே ஒட்டினாற்போல் குட்டி, வைரமணிக்குக் கால் எட்டவில்லை, பஞ்சவர்ணம் அவளைச் சட்டையோடு அள்ளிப் பாறைமேல் ஏற்றினாள், இருமிக்கொண்டும் அழுதுகொண்டும், போயிருச்சா, போயிருச்சாக்கா என்று கேட்டாள் வைரமணி, பாருக்கு வெளியே இப்போது ஆறு மூச்சு, ஏழாவதாய் ஒரு சின்ன மூச்சு.

விடியலில் படகு வந்தது, வனவர் கரையில் இறங்கி இரண்டு பேரின் கோலத்தையும் பார்த்தார், யாரும்மா இது என்று கேட்டார், காத்துல மாட்டிக்கிட்டு ஒதுங்கினவங்க சார் என்றாள் வைரமணி, பாசி எடுக்க வந்தவங்களா என்றார், பாசி ஒண்ணும் இல்ல சார், நீங்களே பாருங்க, அவர் மணலைப் பார்த்தார், அப்புறம் அவளுடைய கிழிந்த உள்ளங்கையைப் பார்த்தார், நான் ஆபீசுல வந்து தனியா ஒரு விசயம் சொல்லணும் சார், இங்க வேணாம் என்றாள் அவள், சரி ஏறுங்க என்றார். படகில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள், அறுத்தெடுத்த வலைத்துண்டு வைரமணியின் பைக்குள் இருந்தது, நீ இனிமே அங்க வரக்கூடாதுக்கா, மறுபடி வந்தா நான் கேஸ் எழுதத்தான் செய்வேன் என்று கரை நெருங்கும்போது மெல்லச் சொன்னாள், எழுது புள்ள என்றாள் பஞ்சவர்ணம்.

கரையில் கூட்டம், விட்டுவிட்டுப் போன ஒன்பது பெண்களும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்கள், அண்ணன் கருமலையான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான், ஐம்பது தாண்டிய ஆள், ராத்திரியெல்லாம் தூங்காத கண், அவள் தலையைத் தொட்டுப் பார்த்தான், கையைத் தொட்டுப் பார்த்தான், நல்லாருக்கியாத்தா என்றான், பிறகு வனவர் அந்தப்பக்கம் போகும்வரை பொறுத்துக் குரலைத் தாழ்த்தினான், தெக்குப் பார் பக்கந்தான கெடந்த, ராத்திரி ஏதும் நடமாட்டம் பாத்தியா, நாலு நாளா அங்கிட்டுக் கோரை மேஞ்ச தடம் கெடக்குன்னு சொல்றாய்ங்க, பெரிய வலைய எடுத்து வெளிய போட்டுருக்கேன். அவள் அண்ணனைப் பார்த்தாள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பதினாலு வயதுப் பையன் அவனுக்குள் எங்கேயாவது இருக்கிறானா என்று பார்த்தாள், நெஞ்சு முழுக்க அந்தக் கீச்சுச் சத்தமும் நிலா விழுந்த முதுகுகளும் முட்டிக்கொண்டு நின்றன, சின்ன வயதிலிருந்து கடலுக்குள் கண்ட எதையும் இவனிடம்தான் முதலில் வந்து சொல்லுவாள், கைக்கெட்டும் தூரத்தில் வைரமணி நின்றிருந்தாள், காதில் விழுந்திருக்க வேண்டும், இந்தப்பக்கம் திரும்பாமல் பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

என்னத்தண்ணே பாக்க, புதருக்குள்ள ஒடுங்கிக் கெடந்தேன் என்றாள் பஞ்சவர்ணம், கச்சான் அடிச்ச அடியில தெக்குப் பக்கம் பூராவும் சேறாக் கலங்கிக் கெடக்கு, கோரையெல்லாம் பேந்து ஒதுங்கிருச்சு, ஒரு குஞ்சுமீனு கூடக் கெடையாது, அங்கிட்டுப் போனா வலைதான் பாறையில கிழியும், பேசாம வடக்க போ. கருமலையான் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான், தங்கச்சி கடலைப் பற்றிச் சொல்லித் தப்பானதே இல்லை, சரித்தா, நீ வீட்டுக்குப் போயி சுடுதண்ணி வச்சுக் குளி என்று சொல்லிவிட்டு, மணலில் விரித்திருந்த பெரிய வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, குடிசைக்குள் வைக்கப் போனான்.